துவைக்க வேண்டாம்

எதிர்வீட்டுக்காரர்களுக்கு நன்றி அட்டை அச்சடித்துக் கொடுக்கப் போய்த்தான் எனக்கு அவர்களோடு பழக்கம். என்னுடையது ஒற்றை மெஷின் ஓடும் சின்ன அச்சகம். முதல் தடவை ஐம்பது அட்டை போதும் என்று கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்கள். ஒரு வருஷத்தில் அது ஐந்நூறு ஐந்நூறாக ஆனது.

அந்த வீட்டில் மூன்று பேர். அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். சர்க்கரை கண்ணைப் பிடித்துவிட்டது. எதிரே வருகிறவரின் உருவம் தெரியும், முகம் தெரியாது. வண்டியை விட்டு மூன்று வருஷமாகியும் தெருவில் அவருக்கு டிரைவர் என்றுதான் பெயர். அவர் மனைவி தையல்காரி. பேண்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, பிதுங்கின தோள்பட்டையைப் பிரித்துத் தைப்பது என்று கைக்கும் வாய்க்குமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாவது ஆள் டிரைவரின் தங்கை. இருபத்தேழு வயதாகியும் வீட்டில் குட்டி, தெருவிலும் குட்டி. செல்போன் கடையில் விற்பனைக்கு நின்றவள், கடையை மூடியதும் வீட்டோடு வந்துவிட்டாள்.

கடை ஆரம்பித்தது குட்டியின் யோசனையில். அண்ணி யாரோ ஒருத்தியின் குழந்தைச் சட்டைகளை வெட்டி ஒட்டு வைத்து ஒரு போர்வை தைத்துக் கொடுத்திருந்தாள். அதைப் படமெடுத்து இணையத்தில் போட்டாள் குட்டி. 'நினைவுப் போர்வை' என்று பேரும் வைத்தாள். ஊர் ஊராகப் பழைய துணி மூட்டைகள் வர ஆரம்பித்தன. பாதி மூட்டை வளர்ந்துவிட்ட பிள்ளைகளின் துணி. மீதிப் பாதி, போய்ச் சேர்ந்தவர்களின் துணி.

முன்னறைதான் பட்டறை. பழைய கதவு ஒன்றை இரண்டு இரும்பு ஸ்டாண்டுகள் மேல் படுக்கப் போட்டு வெட்டு மேசை ஆக்கியிருந்தார்கள். ஜன்னலோரம் மெஷின். சுவர் நெடுக ஆணி அடித்து, ஆணிக்கு ஒன்றாக நம்பர் போட்ட துணிப் பைகள். மொட்டை மாடியில் நாலு கொடிக் கயிறு. துவைப்பது டிரைவரின் இலாகா. வரும் துணியில் சில நேரம் பூஞ்சை இருக்கும், ஒரு தடவை மூட்டைப்பூச்சியே வந்தது. துவைக்காமல் தைத்தால் பின்னால் ஒரு துண்டு சுருங்கி ஒரு துண்டு சுருங்காமல் போர்வை கோணிக்கொள்ளும். அதனால் எது வந்தாலும் முதலில் துவைத்துவிடுவது என்று வைத்திருந்தார்கள். கடையின் இணையப் பக்கத்திலும் அப்படியே எழுதிப் போட்டிருந்தார்கள்.

"கண்ணு போனா என்னக்கா, அழுக்கு கைக்குத் தெரியும்," என்பார் டிரைவர். காலருக்கு ஒரு பல்துலக்கும் பிரஷ், விளிம்புக்கு இன்னொரு பிரஷ். ஒரு சட்டையை அரை மணி நேரம் வைத்துக்கொண்டு தடவித் தடவித் துவைப்பார். அந்த வீட்டில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதில் அவருக்கு அவ்வளவு நிம்மதி.

குட்டியின் வேலை போனோடு. சார்ஜர் பாயிண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதுதான் அவள் ஆபீஸ். இணையத்தில் வியாபாரம் செய்வது பற்றிப் பதினைந்து நாள் வகுப்பு ஒன்று கேட்டு, ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தாள். வந்த செய்திக்கு ஐந்து நிமிஷத்துக்குள் பதில் போட்டால் கடைப் பேருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி வரும். அந்தப் புள்ளி இருந்தால் பத்துப் பேர் பார்க்கிற இடத்தில் நூறு பேர் பார்ப்பார்கள். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பாள் அவள். சாப்பிடும்போதும் இடது கையில் போன். பதில்களையெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தாள். ஒன்றைத் தொட்டால் வணக்கம், இரண்டைத் தொட்டால் விலை, மூன்றைத் தொட்டால் 'கண்டிப்பாகச் செய்து தருகிறோம்! உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி!' பக்கத்தில் ஒரு பூ.

அன்றைக்கு நான் அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது காலை பதினொரு மணி இருக்கும். வெயில் சுள்ளென்று அடித்தது. தையல்காரி ஒரு போர்வைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தம்மாவுக்கு நீலம் பச்சையாத் தெரியுதாம் அண்ணி," என்றாள் குட்டி போனைப் பார்த்துக்கொண்டே.

"வெளிச்சத்துல வெச்சுப் பாக்கச் சொல்லு."

"அப்படியெல்லாம் சொல்லக் கூடாது. கஸ்டமர் பச்சைன்னா பச்சைதான்."

"அப்பப் பச்சைன்னே வெச்சுக்கச் சொல்லு. எனக்கென்ன, ரெண்டும் ஒரே நூலுதான்."

மூன்று பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் போன் இன்னொரு தடவை சிணுங்கியது. அதைப் படித்ததும் குட்டியின் முகம் மாறியது. விரலால் மேலே மேலே தள்ளிப் பார்த்தாள்.

"அண்ணி, முப்பத்தேழாம் நம்பர் பை தொவைக்கப் போயிடுச்சா?"

"காலையிலயே உங்கண்ணன் எடுத்துட்டுப் போனாரே. ஏன்?"

அவள் அந்த ஆர்டரோடு முன்பே வந்திருந்த குரல் பதிவை ஓட விட்டாள். ஓர் ஆணின் குரல். நடு நடுவே தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுதி வைத்துப் படிப்பவர்போல நிதானமாகப் பேசினார். பின்னால் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. அஞ்சு துணி அனுப்புவதாகச் சொன்னார். போர்வை எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதைச் சொன்னார். மகளுக்கு மூன்றரை வயது, அவள் உயரத்துக்கு இருந்தால் போதும், ஆனால் வளருவாள் இல்லையா, கொஞ்சம் கூடுதலாகவே வைத்துவிடுங்கள் என்றார். மஞ்சள் நடுவில் வரட்டும் என்றார். பதிவு போய்க்கொண்டே இருந்தது.

"கடைசியா ஒண்ணுங்க. தைக்கிறதுக்கு முன்னாடி தொவைப்போம்னு உங்க பக்கத்துல படிச்சேன். நாலு துணி ஏற்கெனவே தொவைச்சதுதான். அந்த மஞ்சள் நைட்டிய மட்டும் தொவைச்சிடாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாள் அவ போட்டிருந்தது. அது ஒண்ணுதான் தொவைக்காம கெடக்கு. அத மோந்துக்கிட்டேதான் எம் பொண்ணு தூங்குறா. கடிச்சுக் கடிச்சுக் கிழிக்கிறா, அதான் தெச்சு வெச்சுடலாம்னு. தொவைக்காம தைக்க முடியுமாங்க? முடியாதுன்னா சொல்லிடுங்க, நான் அனுப்பல. அப்படியே வெச்சுக்கறேன்."

அதற்குக் கீழே குட்டி அனுப்பிய பதில் இருந்தது. கண்டிப்பாகச் செய்து தருகிறோம்! உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி! பூ.

அவர் இப்போது கேட்டிருந்தது ஒரே வரி: துணி வந்துச்சாங்க, தொவைக்காம பத்திரமா இருக்குல்ல?

தையல்காரி மெஷினை விட்டு எழுந்து மாடிப்படியில் ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். டிரைவர் கடைசித் துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். மஞ்சள் நைட்டி இரண்டாவது கயிற்றில் காற்றில் உப்பி ஆடிக்கொண்டிருந்தது. பாதி காய்ந்துவிட்டிருந்தது. அவள் அதை உருவி இரண்டு கையாலும் முகத்தில் அழுத்திக்கொண்டாள். கழுத்துப் பக்கம், கக்கம், விளிம்பு. திருப்பித் திருப்பி மோந்தாள்.

"என்ன அப்படிப் பாக்குற? பளிச்சுன்னு இருக்கும்," என்றார் டிரைவர். "கழுத்துல ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. ஓரமெல்லாம் எச்சில் மாதிரி காஞ்சு கெடந்துச்சு. ரெண்டு தடவ ஊற வெச்சேன்."

அவள் சொன்னாள். நாலே வார்த்தையில் சொல்லிவிட்டாள். டிரைவர் தடவிக்கொண்டே போய் ஊற வைத்த அண்டாவுக்குள் கையை விட்டார். அண்டா காலியாக இருந்தது. தண்ணீர் எப்போதோ சாக்கடைக் குழாய் வழியாகப் போய்விட்டது. ஈரமான அடிப்பக்கத்தைத் தடவியபடியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு யாரும் சொல்லலியே," என்றார். யாரையும் குற்றம் சொல்லும் குரல் இல்லை. சின்னப் பிள்ளை சொல்வதுபோல இருந்தது.

கீழே குட்டி அழுதுகொண்டிருந்தாள்.

"நான் மொத அரை நிமிஷம் கேட்டேன் அண்ணி. அளவு சொல்லிட்டிருந்தாரு. மத்த அளவெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்னு நெனச்சேன். அன்னிக்கு முப்பது பேரு வரிசையில நின்னாங்க. புள்ளி போயிடும்னு மூணாம் நம்பர அழுத்திட்டேன்."

"அப்புறம் கேட்டியா?"

"அளவு எழுத்துலயும் அனுப்பியிருந்தாரு. அதனால திரும்பக் கேக்கல."

தையல்காரி நைட்டியை மேசை மேல் போட்டு, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவினாள். அந்த நீவல் குட்டிக்கு இன்னும் பயமாக இருந்திருக்க வேண்டும். வேகவேகமாகப் பேச ஆரம்பித்தாள்.

"இப்படி ஏதாவது தப்பு நடந்தா என்ன பண்ணணும்னு வகுப்புல சொல்லிக் குடுத்தாங்க. உடனே மன்னிப்புக் கேட்டுடணும். காசத் திருப்பிக் குடுத்துடணும். அடுத்த ஆர்டருக்குப் பாதி விலைன்னு ஒரு கூப்பன்..."

"அடுத்த ஆர்டரா?" தையல்காரி நிமிர்ந்தாள். "அவருக்கு இன்னொரு பொண்டாட்டி செத்தாத்தாண்டி அடுத்த ஆர்டர்."

குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள். மாடியிலிருந்து டிரைவர் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கி வரும் சத்தம் கேட்டது. வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சொல்லாம அனுப்பிட முடியுமா? வர்ற வழியில வாசம் போயிடுச்சுன்னு..."

உடனே அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "இல்ல. கூடாது. சும்மா கேட்டேன்."

போனில் சொல்லலாமா, எழுதி அனுப்பலாமா என்று குட்டி தவித்தாள். தையல்காரி முகவரியை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொன்னாள். ஊரின் மறுகோடிதான், இரண்டு பஸ் மாற வேண்டும். "வர்றேன்னு மட்டும் போடு. வேற ஒண்ணும் எழுதாத. பூவெல்லாம் போடாத," என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, கூட வர்றீங்களா? தனியாப் போனா வாசல்லயே திரும்பி வந்துடுவேன்."

என் மெஷினை நிறுத்தி, அச்சகத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். வழி நெடுக அவள் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"இப்பல்லாம் நான் பையைப் பிரிச்சு துணியப் பாக்கறதே இல்லக்கா. முன்னாடி ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பேன். இது யாரோடது, எங்க கிழிஞ்சிருக்கு, எங்க தெச்சிருக்காங்கன்னு. இப்ப நம்பர் பாத்து அவருகிட்டக் குடுத்துடறேன். பிரிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். நாலு துணி இஸ்திரி போட்டு மடிச்சிருந்துச்சு, இது மட்டும் பிளாஸ்டிக் கவர்ல தனியா முடிச்சுப் போட்டிருந்துச்சாம். அவருதான் இப்பச் சொன்னாரு. அவரு அவுத்துட்டாரு."

போர்வை கேட்டவரின் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கிற மெக்கானிக். வாசலருகே சாமான் பை, பக்கத்தில் சின்னதாய் ஒரு கேஸ் சிலிண்டர். வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கடைக்காரர்களே நேரில் வருகிறார்களே என்று அவருக்குச் சந்தோஷம். "உக்காருங்க உக்காருங்க, இவ்வளவு தூரம் வெயில்ல வந்திருக்கீங்க, அளவு எடுக்கணுமா?" என்று நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினார். உள்ளறைத் தரையில் அந்தக் குழந்தை ஒரு டப்பாவில் கரண்டியைப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தது.

தையல்காரி உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"அண்ணே, நைட்டிய தொவைச்சிட்டோம்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. சிரித்த முகம் அப்படியே இருந்தது. "எந்த நைட்டி?"

"மஞ்சளு. நீங்க சொன்னத நாங்க முழுசாக் கேக்கல. தப்பு எங்களோடதுதான்."

அவர் பையை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தேடி, எங்கள் பக்கம் நீட்டினார்.

"நான் சொல்லியிருக்கேனே. பாருங்க. முடியுமான்னு கேட்டிருக்கேன். முடியும்னு போட்டிருக்கீங்களே."

"ஆமாண்ணே."

"கண்டிப்பான்னு போட்டிருக்கீங்களே."

"ஆமா."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. கதவைச் சாத்தியிருந்தாலும் பரவாயில்லை. அவர் அந்தப் பதிலையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு நின்றார், தான்தான் எதையோ தப்பாகப் படித்துவிட்டதுபோல. "நாலு மாசமா கவர்ல கட்டி கட்டி வெச்சிருந்தேங்க," என்றார். "தூங்குற நேரத்துக்கு மட்டும் குடுப்பேன். அவ தூங்கினதும் உருவி மறுபடியும் கட்டிடுவேன். வாசம் போயிடக் கூடாதுன்னு நான்கூட மோந்து பாக்க மாட்டேன்."

பேச்சுச் சத்தம் கேட்டுக் குழந்தை வந்துவிட்டது. பையின் வாயில் மஞ்சள் தெரிந்ததும் தையல்காரியின் கையிலிருந்து அதைப் பறித்துக்கொண்டது. எங்கள் யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. தரையில் உட்கார்ந்து நைட்டியைச் சுருட்டி மூக்கோடு வைத்துக் கண்ணை மூடியது. உடனே திறந்தது. இன்னொரு பக்கத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தது. அப்புறம் அதைத் தரையில் விட்டுவிட்டு எழுந்து நின்று, பைக்குள் எட்டிப் பார்த்தது.

"இது வேற," என்றது. "அம்மாது எங்க?"

அவளுடைய அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். குழந்தை பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டது. பை காலியானதும் தையல்காரியை நிமிர்ந்து பார்த்தது. "நீதான் தையல்கார ஆன்ட்டியா? அம்மாது குடு."

தையல்காரி மண்டி போட்டு உட்கார்ந்தாள். நான் அவள் தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நாங்கள் இரண்டாவது மாடி இறங்குவதற்குள் அவர் பின்னாலேயே ஓடி வந்தார். பையில் துணிகளை மறுபடியும் அள்ளிப் போட்டிருந்தார்.

"தெச்சுடுங்க," என்றார். "இன்னும் தையல்காரங்ககிட்டதான் இருக்கு, வரலன்னு அவகிட்டச் சொல்லிக்கிறேன். வீட்டுல கெடந்தா எடுத்து எடுத்துப் பாப்பா."

"காசு வேணாண்ணே..."

"காசுக்கென்னங்க," என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். குட்டி எழுதி வைத்திருந்த பதில்களையெல்லாம் அழித்தாள். பழைய குரல் பதிவுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக, முழுக்கக் கேட்க ஆரம்பித்தாள். அதில் என்னென்னவோ இருந்தன. பொத்தானைத் தனியாக எடுத்து அனுப்பச் சொன்ன ஒரு தாய். சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தால் தூக்கிப் போட வேண்டாம் என்று சொன்ன ஒரு மகன். எத்தனையோ மாதத்துக்கு முந்திய பேச்சு, போர்வைகளெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. யாரும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காதவர்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்றுதான் அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். "எல்லாரும் அஞ்சு ஸ்டார் குடுத்தவங்கக்கா," என்றாள் என்னிடம். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பச்சைப் புள்ளி மூன்றாம் நாளே போய்விட்டது. சுவரில் ஆணிகள் வெறும் ஆணிகளாகத் தெரிய ஆரம்பித்தன.

டிரைவர் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். மனைவி பையை நீட்டினால், "நீயே பாத்துக்க. என் கையில குடுக்காத," என்பார். பகல் முழுக்க வாசல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தையல்காரியே துவைத்தாள், காயவைத்தாள், வெட்டினாள், தைத்தாள். ஒரு மதியம் அவர்களுக்குள் சத்தம் கேட்டது.

"எத்தன நாளைக்கு இப்படியே உக்காந்திருப்பீங்க? சொல்லாதது அவ, பிரிக்காதது நான். நீங்க என்ன பண்ணீங்க?"

"நான்தானே தொவைச்சேன்," என்றார் அவர். "பிசுக்குன்னு தொட்டுப் பாத்துத் தொட்டுப் பாத்துத் தேய்ச்சேன். அந்தப் பொண்ணோட தல எண்ணெய் அது. என் கைதானே எடுத்துச்சு."

முப்பத்தேழாம் நம்பர் போர்வையை அவள் இருபது நாள் தைத்தாள். மஞ்சளை நடுவில் வைத்தாள். குழந்தை கடித்துக் கிழித்த ஓரத்தை வெட்டி எறியாமல் அடியில் இன்னொரு துணி கொடுத்து, பல் பட்ட இடங்களையெல்லாம் அப்படியே விட்டு இழை இழையாகத் தைத்தாள். இவ்வளவு அழகான வேலை அந்தக் கையிலிருந்து வந்து நான் பார்த்ததில்லை. அதை அவளிடம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

கூரியரில் போட வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்த மெக்கானிக் ஒரு சாயங்காலம் வந்தார். மழை தூறி விட்டிருந்தது. குழந்தையையும் கூட்டி வந்திருந்தார். பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டம்மா ஊருக்குப் போய்விட்டாளாம். குட்டி உள்ளே போய் ஒளிந்துகொள்ளப் போனவள், நின்று, வெளியே வந்து அவர் முன்னால் நின்றாள். "நான்தாங்க அந்தப் பதிலைப் போட்டது," என்றாள். அவர் தலையை ஆட்டினார். டிரைவரும் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, தொவைச்சவன் நான்."

"சொன்னாங்க," என்றார் மெக்கானிக். "நாலஞ்சு கடை ஏறி எறங்கிட்டேங்க. அவ போட்ட சோப்பு, பவுடர், தலைக்கு வெக்கிற எண்ணெய் எல்லாம் வாங்கிக் கலந்து பாத்துட்டேன். வரல. எனக்கே இப்ப சரியா ஞாபகமில்ல, எதோட ஒத்துப் பாக்குறதுன்னு."

டிரைவர் அவருடைய கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர் கையை இழுத்துக்கொள்ளவுமில்லை, திருப்பிப் பிடிக்கவுமில்லை.

"பாப்பா தூங்குறாளா?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"மொத வாரம் கஷ்டப்பட்டா. அழுது அழுது தொண்ட கட்டிடுச்சு. இப்பத் தூங்குறா. அது எங்கன்னு கேக்குறதையும் விட்டுட்டா."

தையல்காரி போர்வையை மேசை மேல் விரித்தாள். குழந்தை நுனிக்காலில் நின்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. நடுவில் இருந்த மஞ்சளைத் தொட்டது. தையல் மேல் விரலை ஓட்டியது. முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அப்பா, இது யாருக்கு?"

"உனக்குத்தாம்மா."

"எனக்கா? புதுசா?"

அவர் குனிந்து போர்வையை மடிக்க ஆரம்பித்தார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. மஞ்சள் உள்ளே போய் மறைந்தது.

"ஆமாம்மா," என்றார். "புதுசு."